நாற்காலி வாடகை

சிங்கப்பூரின் பேர்பெற்ற காக்டெய்ல் பார்களில் மெனுவைப் பிரித்தால், விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது, 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதமாகிவிட்ட ஜிஎஸ்டி. அந்த வரி பானத்தின் விலையோடு நிற்பதில்லை, சேவைக் கட்டணத்தின் மேலும் ஏறி உட்காரும். அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். 25 வெள்ளி என்று அச்சிட்ட ஒரு கோப்பை பில்லில் 29 வெள்ளி 98 காசாக வந்து சேரும். நம் பணத்தில் ஏறத்தாழ 2,000 ரூபாய். ஊரிலிருந்து போகிறவர் இதைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தை, “இங்கே சரக்குக்கு வரி ஜாஸ்தி” என்பதுதான். அந்த ஒரு நம்பிக்கையிலிருந்தே மீதி உத்திகள் எல்லாம் கிளைவிடுகின்றன. விமான நிலையத்தில் டியூட்டி ஃப்ரீ புட்டி வாங்கு, அறையிலேயே இரண்டு ரவுண்டு முடித்துக்கொண்டு கிளம்பு, இணையத்தில் விற்கும் பயண ஷேக்கர் செட்டைப் பெட்டியில் போட்டுக்கொள். இந்த உத்திகள் பெரும்பாலும் தவறான இடத்தில் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கின்றன.

வரியையே முதலில் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் ஜின், விஸ்கி போன்றவற்றுக்குக் கலால் வரி, தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. தாராளமாக 60 மில்லி ஜின் ஊற்றிய ஒரு காக்டெய்லில் 40 சதவீதக் கணக்கில் 24 மில்லி தூய ஆல்கஹால் இருக்கும். அதன்மேல் விழும் கலால் வரி 2 வெள்ளி 11 காசு. 30 வெள்ளி பில்லில் மதுவரி இவ்வளவுதான். இரண்டு கூட்டல் குறிகளும் சேர்ந்து எடுத்துக்கொள்வது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல், ஏறக்குறைய 5 வெள்ளி. சரி, மதுவின் விலையையே எடுப்போம். 700 மில்லி ஜின் புட்டி ஒன்று வரியும் சேர்த்து 70 வெள்ளி என்று வைத்துக்கொண்டால்கூட, கோப்பைக்குள் போன 60 மில்லியின் விலை 6 வெள்ளி. மிச்சம் 19 வெள்ளி எங்கே போகிறது? நகரின் நடுவே இருக்கும் கடையின் வாடகைக்கு, நான்கைந்து வருடம் தொழில் பழகிய பார்டெண்டரின் சம்பளத்துக்கு, கண்ணாடிபோல் தெளிந்த பனிக்கட்டியை ஒரு பக்கத்திலிருந்து மெல்ல உறையவைத்து அறுத்தெடுக்கும் வேலைக்கு, மெலிந்த தண்டுள்ள உடையும் கோப்பைகளுக்கு, பழச்சாற்றை அன்றன்றைக்குப் பிழிந்து மிஞ்சியதைக் கொட்டுவதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலிக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு கவுண்டரில் ஒரு நாற்காலி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதுதான் அந்தத் தொழிலின் உயிர்நாடிக் கணக்கு. இன்னொரு சான்றும் மெனுவிலேயே கிடக்கிறது. ஆல்கஹால் ஒரு சொட்டும் இல்லாத பானங்களுக்கு விலை நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு இறங்குவதில்லை. மதுவை எடுத்துவிட்ட பிறகும் விலை நிற்கிறது என்றால், விலை மதுவுக்கானது இல்லை என்றுதானே பொருள்.

இது பிடிபட்டுவிட்டால், எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் முடியாது என்பது தானே விளங்கும். டியூட்டி ஃப்ரீ புட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிரம்பி, சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்துவிட்டு வருகிறவர், மலேசியாவிலிருந்து வராமல் இருந்தால், மொத்தம் இரண்டு லிட்டர் வரை வரியின்றிக் கொண்டுபோகலாம். அதில் வீரியமான மது ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. அந்த ஒரு லிட்டரில் 35 வெள்ளிக்கு மேல் வரி மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அதை அறையில் உட்கார்ந்து குடிப்பதற்கு நாலரை மணி நேரம் பறந்து போகவேண்டிய அவசியமில்லை. பாருக்குள் சொந்தச் சரக்கைத் திறக்கவும் முடியாது. ஹிப் ஃபிளாஸ்க் என்ற வளைந்த எஃகுப் புட்டி பயணப் பரிசுப் பட்டியல்களில் இன்னும் ஏன் இடம்பெறுகிறது என்பது எனக்கு விளங்காத ஒன்று. அதைப் பாரில் வெளியே எடுத்தால் மரியாதை போகும். இரவு 10.30க்குப் பிறகு தெருவில் எடுத்தால் சட்டச் சிக்கல். 2015 ஏப்ரலில் வந்த சட்டப்படி, இரவு 10.30 முதல் காலை 7 வரை கடைகளில் மது விற்கவும் கூடாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. அந்தச் சட்டம் வந்த பின்னணியில் தமிழர்களுக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து மூண்ட கலவரத்துக்குப் பின் இயற்றப்பட்ட சட்டம் அது. லிட்டில் இந்தியா, கேலாங் வட்டாரங்களில் இன்றும் கட்டுப்பாடு கூடுதல். வாரக்கடைசியில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் அறை எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விமானத்தில் கலந்து குடிக்கவென்று தகரப்பெட்டியில் விற்கும் குட்டி காக்டெய்ல் செட்டும் இதே ரகம். கொண்டுவந்த மதுவை விமானத்தில் தாமே ஊற்றிக் குடிக்க விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் அது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பார் தேடிப் போகிறவரின் பையில் இருக்கவேண்டியவை மதுவோடு ஒட்டாத, சப்பென்ற பொருள்கள்தான். முதலாவது, விரல் தெரியாத ஒரு ஜோடி ஷூ. பூகிஸில் பார்க்வியூ ஸ்கொயர் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜின் வகைகளைக் கோபுரமாக அடுக்கிவைத்திருக்கும் அட்லஸ் பார், மாலை 5 மணிக்கு மேல் அரைக்கால் சட்டைக்கும் செருப்புக்கும் இடம் தருவதில்லை. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, விடுதிக்கு டாக்சியில் போய் மாற்றிக்கொண்டு வரும் செலவு ஒரு கோப்பையின் விலையைத் தொட்டுவிடும். அடுத்தது பவர் பேங்க். முன்பதிவு, மெனு, வாடகை கார், வரைபடம் எல்லாம் போனுக்குள் அடங்கிவிட்ட காலத்தில், நள்ளிரவில் உயிர்விடும் போன் மிகவும் காஸ்ட்லியான போன். மூன்றாவது தண்ணீர்ப் புட்டி. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே ஒரு டம்ளர் தண்ணீர் என்ற பழக்கம் அடுத்த நாள் காலையைக் காப்பாற்றும். தலைவலியோடு படுத்துக்கிடக்கும் அரை நாளும் விடுதி வாடகையில்தான் கழிகிறது. இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். வேண்டாதது ஒன்று உண்டு. பழக்கதோஷத்தில் மின்சிகரெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கே அதை வைத்திருப்பதே குற்றம்.

பணத்தைக் கட்டும் விதத்திலும் சிறு ஓட்டைகள் இருக்கின்றன. இந்திய வங்கிகளின் கிரெடிட் கார்டுகள் பலவும் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடித்து, அந்தப் பிடித்தத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடும். 100 வெள்ளிக்கு 4 வெள்ளி காற்றில் போகிறது. இந்தப் பிடித்தம் இல்லாத கார்டுகளும் சந்தையில் உண்டு, கிளம்பும் முன் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். கார்டு இயந்திரம் “ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா?” என்று பணிவாகக் கேட்கும்போது உள்ளூர்ப் பணம் என்றே அழுத்தவேண்டும். ரூபாயில் காட்டும் அந்த வசதிக்கான மாற்றுவிகிதம் வாடிக்கையாளருக்குச் சாதகமாக இருப்பது அபூர்வம்.

பெரிய மிச்சம் இதிலெல்லாம் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. நாற்காலிக்குத்தான் வாடகை என்றால், அந்த நாற்காலி எப்போது காலியாகக் கிடக்கிறது என்பதல்லவா கேள்வி? பெரும்பாலான காக்டெய்ல் பார்கள் மாலை 5 அல்லது 6 மணிக்குத் திறக்கின்றன. கூட்டம் எட்டு மணிக்கு மேல்தான். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம் முதலாளியின் கண்ணில் வீணாகும் நேரம். ஹேப்பி ஹவர் என்ற தள்ளுபடி பிறந்ததே அதற்காக. உயர்தரமான பார்கள் சிலவற்றில் தள்ளுபடி கிடையாது. ஆனாலும் ஆறு மணிக்குப் போகிறவருக்கு விலையில் எழுதப்படாத ஒன்று கிடைக்கும்: பார்டெண்டரின் நேரம். எதை எதோடு ஏன் கலக்கிறார் என்று கேட்கலாம், மெனுவில் இல்லாத ஒன்றைச் செய்துதரச் சொல்லலாம். 2016இல் அமோய் ஸ்ட்ரீட்டில் விஜய் முதலியார் தொடங்கிய நேட்டிவ், இவ்வட்டாரத்தில் விளையும் பொருள்களைக் கொண்டு, எறும்பைக்கூட விட்டுவைக்காமல், பானங்கள் செய்து பெயர் வாங்கியது. அந்த மாதிரிக் கடையில் விளக்கம் கேட்காமல் குடிப்பது, கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போய் கேண்டீனில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அதே விலையைக் கொடுக்கிறவருக்கு முதுகுப்புறம் காத்திருக்கும் கூட்டமும், இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடவேண்டும் என்ற நிபந்தனையும்தான் மிச்சம். சீக்கிரம் போனால் சீக்கிரம் கிளம்பலாம். எம்ஆர்டி ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். பத்து மணிக்குக் கிளம்புகிறவர் இரண்டு வெள்ளிச் சொச்சத்தில் விடுதி சேர்வார். ஒரு மணிக்குக் கிளம்புகிறவர் செயலியில் ஏறிக்கொண்டே போகும் வாடகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

சாப்பாடும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. பாரில் வாங்கும் உணவுக்கும் அதே இரண்டு கூட்டல் குறிகள். தஞ்சோங் பகார், தெலுக் ஆயர் பக்கத்துப் பார்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் இருக்கிறது, லாவ் பா சாட் இருக்கிறது. லாவ் பா சாட்டை ஒட்டிய தெருவில் மாலையானால் சாத்தே என்ற இறைச்சிக் குச்சிகளைச் சுடும் புகை எழும். முதலில் அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவதில் காசைத் தாண்டியும் ஒரு லாபம் உண்டு. ஆல்கஹால் பெருமளவு சிறுகுடலில்தான் இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றில் உணவு இருந்தால் அது கீழே இறங்குவது தாமதமாகும், போதை தலைக்கேறும் வேகம் குறையும். வெறும் வயிற்றோடு உட்கார்ந்தவர் இரண்டாவது கோப்பையிலேயே தாராளப் பிரபு ஆகிவிடுவார். மூன்றாவதை ஆர்டர் செய்வது அவரல்ல, முதல் இரண்டும்.

சிங்கப்பூரைச் சொன்னது கணக்கு அங்கே தெளிவாகத் தெரிவதால்தான். மற்ற ஊர்களில் நாற்காலி வாடகை வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு வரும். டோக்கியோவின் கின்சா வட்டாரத்துப் பார்கள் பலவற்றில் அதற்கு ஒளிவுமறைவே இல்லை. உட்கார்ந்ததற்கென்று தலைக்கு இத்தனை யென் என்று தனியாகப் போட்டுவிடுவார்கள். சிறு தின்பண்டம் ஒன்று தானாக வரும், டிப்ஸ் கிடையாது. அங்கே ஒரே இரவில் ஐந்து பார் ஏறி இறங்குகிறவர் ஐந்து முறை உட்காரும் கட்டணம் கட்டுகிறார். ஒரே இடத்தில் இரண்டு கோப்பை குடிக்கிறவர் ஒரு முறைதான் கட்டுவார். நியூயார்க்கில் மெனு விலை 20 டாலர் என்றால் அதன்மேல் 8.875 சதவீத விற்பனை வரி, அதற்கும் மேல் யாரும் கட்டாயப்படுத்தாத, ஆனால் கொடுக்காமல் எழுந்திருக்கவும் முடியாத 20 சதவீத டிப்ஸ். ஆக 25 டாலர் 78 சென்ட். லண்டனில் 20 சதவீத வாட் வரி மெனு விலைக்குள்ளேயே அடங்கிவிடும். மேலே 12.5 சதவீத சேவைக் கட்டணம் வரும், அது விருப்பத்தின் பேரில் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கொடுத்துவிட்டுத் தெரியாமல் தனியாகவும் டிப்ஸ் வைப்பவர்கள் ஏராளம். சிங்கப்பூரிலும் பில்லில் சேவைக் கட்டணம் இருக்கும்போது மேற்கொண்டு டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. இந்த ஊர்களின் மெனு விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “எங்கே மலிவு” என்று சொல்லும் பட்டியல்கள் இதனால்தான் உதவாமல் போகின்றன.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்று, இப்படிக் காசு எண்ணுகிறவர் அந்த இடத்துக்கு ஏன் போகவேண்டும் என்பது. அது பாதி நியாயம். வெள்ளிக்கிழமை இரவு உச்ச நேரத்தில் ஒரே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொள்வது சிக்கனம் ஆகாது, அடுத்தவர் பிழைப்பில் கை வைப்பது. அதிலும் தண்டுக் கோப்பையில் பனிக்கட்டி இல்லாமல் வரும் மார்ட்டினி வகைகள் கால்மணி நேரத்தில் சூடேறி, கொடுத்த காசுக்குக் கேடு. காலியான நேரத்தில் காலியான நாற்காலியில் உட்காருகிறவர் யாருக்கும் நட்டம் தருவதில்லை. காசை எண்ணுகிறவருக்குத்தான் எதற்குக் கொடுக்கிறோம் என்பதும் தெரியும். எண்ணாதவரை நம்பித்தான் சுற்றுலாத் தலங்களில் சுமாரான கடைகள் பிழைக்கின்றன. ராஃபிள்ஸ் விடுதியின் லாங் பாரைச் சுமாரான கடை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அங்கே சிங்கப்பூர் ஸ்லிங்குக்கு முப்பது வெள்ளிக்கு மேல் கொடுக்கும்போது, அதில் பெரும்பங்கு வரலாற்றுக்கான வாடகை என்று தெரிந்தே கொடுக்கவேண்டும். 1915 வாக்கில் ஞியாம் தோங் பூன் என்ற பார்டெண்டர் அங்கே உருவாக்கியது என்பது விடுதியின் கூற்று. ஜின் ஸ்லிங் என்ற பானம் அதற்கு முன்பே இருந்தது. கடலைத் தோலைத் தரையில் வீசலாம் என்பது அங்கே ஒரு சம்பிரதாயம். குப்பை போட்டால் அபராதம் என்ற ஊரில் அந்தச் சலுகைக்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. மதுவால் குடும்பங்கள் குலைந்துகொண்டிருக்கும் தமிழ்நாட்டில், அரசே 2003 முதல் சில்லறை மதுக்கடை நடத்திவரும் மாநிலத்தில், குடிக்கப் போவதற்கு யோசனை சொல்வது ஒரு நாளிதழுக்கு அழகா? குடியைக் கலை என்று பூசி மெழுகும் எண்ணம் எனக்கில்லை. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. கோப்பை 2,000 ரூபாய் ஆனாலும் அந்த உண்மை மாறாது. ஆனால் மேலே போட்ட கணக்கு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். கோப்பைக்குள் இருக்கும் 24 மில்லி ஆல்கஹாலுக்காகத்தான் விலை என்று நம்புகிறவர், கொடுத்த காசை வசூலிக்க அதிகம் குடிப்பார், அறையிலேயே தொடங்கிவிடுவார். நாற்காலிக்கும் கைவேலைக்கும்தான் விலை என்று அறிந்தவருக்கு ஒரு கோப்பையோ, மது கலக்காத ஒன்றோ போதும். அவர் வாங்க வந்தது கிடைத்துவிட்டது. உலகின் சிறந்த 50 பார்கள் என்ற பட்டியல் 2009 முதலும், ஆசியாவுக்கான பட்டியல் 2016 முதலும் வெளிவருகின்றன. 2017, 2018இல் மன்ஹாட்டன், 2020இல் ஜிக்கர் அண்டு போனி என்று சிங்கப்பூர்ப் பார்கள் ஆசியப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடித்தபடி ஒரே இரவில் ஆறு பார் என்று ஓடுகிறவர்களைத்தான் இந்தக் கணக்கு முதலில் நிறுத்தும். எல்லாப் பார்களையும் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசைக்கு, ஒரு மாலைக்கு நடைதூரத்தில் இரண்டு இடம், இடத்துக்கு ஒன்று என்பதே தாங்கும். மூன்று நாளில் ஆறு ஆகிவிடுகிறது.

கடைசியாக, ஊருக்கு என்ன கொண்டுவரலாம்? இந்தியச் சுங்கம் இரண்டு லிட்டர் மதுவை வரியின்றி விடுகிறது என்பதால் எல்லோரும் விஸ்கிப் புட்டியோடு இறங்குகிறார்கள். அதே விஸ்கி பெரும்பாலும் சென்னை விமான நிலையத்து வருகைப் பகுதிக் கடையிலும் கிடைக்கும். பார் தேடிப் போனவர் கொண்டுவரத் தகுந்தது, காக்டெய்லில் விடும் கசப்புச் சாறான பிட்டர்ஸ் புட்டி ஒன்று. 1824இல் சீகெர்ட் என்ற மருத்துவர் வெனிசுவேலாவில் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகத் தயாரித்த அங்கோஸ்துரா அவற்றில் பேர்பெற்றது. சொட்டுச் சொட்டாக விடுவது என்பதால் ஒரு புட்டி வருடக்கணக்கில் வரும். எலுமிச்சைச் சாற்று சோடாவில் நாலு சொட்டு விட்டால் கிட்டத்தட்ட மதுவே இல்லாமல் ஒரு நல்ல பானம் ஆகிவிடும். ஆனால் அங்கோஸ்துராவே 44.7 சதவீத ஆல்கஹால். ஆகவே சுங்கக் கணக்கில் அதையும் சேர்த்தே எண்ணவேண்டும். நகரக் கடையில் வாங்கிய 200 மில்லி புட்டியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். குமிழ் உறையில் சுற்றி, மூடியை டேப் போட்டு ஒட்டி, சட்டைகளுக்கு நடுவே பெரிய பெட்டியில் வையுங்கள். அதன் கறை சட்டையை விட்டுப் போகாது.